கார்த்திகைக்குப் பின் பெய்த மழை

2024-ல் சித்திரை பிறந்து இரண்டு வாரம் ஆகியிருந்தது. ஏப்ரல் 28 அன்று ஊட்டியில் வெயில் 29 டிகிரியைத் தொட்டது. அந்த ஊரின் பதிவேட்டில் அதுவரை ஏறாத எண் அது. ஈரோட்டிலும் கரூர் பக்கமும் 40 டிகிரியைத் தாண்டுவது அப்போது செய்தியே இல்லை. வேப்பம்பூ உதிர்ந்து முற்றத்தை மூடிக் கிடந்தது. இளவேனில் என்று இலக்கணம் பெயர் வைத்த பருவம் இது. 'இள' என்ற சொல்லுக்கு அந்த ஆண்டு என்ன வேலை என்றுதான் தெரியவில்லை.

அந்தப் புழுக்கத்தில் உட்கார்ந்து நாலு மாதத்துக்கு முந்தைய பனிக்காலத்தை நினைத்துப் பார்த்தால், அதில் பனி குறைவாகவும் தண்ணீர் அதிகமாகவும் இருந்தது. 2023 டிசம்பர் 3, 4 தேதிகளில் மிக்ஜாம் புயல் சென்னையை மூழ்கடித்தது. அடுத்த இரண்டு வாரத்தில் தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்கள் மூழ்கின. பொங்கலுக்கு ஒரு வாரம் இருக்கையில் காவிரி டெல்டாவில் அறுவடைக்கு நின்ற சம்பா நெல் சாய்ந்தது. நீலகிரியில் நவம்பரிலேயே வர வேண்டிய உறைபனி ஜனவரி வரை தாமதித்து, பிறகு சேர்த்து வைத்ததுபோல் வந்தது. இவை அத்தனையும் "எதிர்பாராதது" என்ற ஒரே சொல்லில் கட்டிப் பரணில் போடப்பட்டுவிட்டன. அந்தக் கட்டை ஒருமுறை அவிழ்த்துப் பார்க்க வேண்டும் என்று தோன்றியது. யார் எதை எதிர்பார்த்தார்கள், எதை வைத்து எதிர்பார்த்தார்கள் என்பதுதான் கேள்வி.

தென்மாவட்டத்து மழையிலிருந்து தொடங்குகிறேன். மற்றவற்றுக்கு முன்னுதாரணம் தேடினால் கிடைக்கும். இதற்குச் சமவெளியில் கிடைக்கவில்லை.

டிசம்பர் 16, சனிக்கிழமை, கார்த்திகை மாதத்தின் கடைசி நாள். மறுநாள் ஞாயிறு, மார்கழி ஒன்று. கோயில்களில் அதிகாலை பூசைக்கு ஏற்பாடு நடந்துகொண்டிருந்த நேரம். அந்த ஞாயிறு காலை எட்டரை மணி முதல் திங்கள் காலை எட்டரை மணி வரையிலான 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் பதிவான மழை 95 செ.மீ. திருச்செந்தூரில் 69. ஸ்ரீவைகுண்டத்தில் 62. மாஞ்சோலையில் 55.

இந்த வரிசையில் மாஞ்சோலை கடைசியில் நிற்பதைக் கவனியுங்கள். அது மலை. மழை பெய்வதே அதன் தொழில். காயல்பட்டினமோ மன்னார் வளைகுடாவின் காய்ந்த கரை. இலங்கைத் தீவு கிழக்கே மறைத்து நிற்பதால் வங்கக் கடலின் ஈரம் முழுதாக வந்து சேராத ஓரம் அது. உப்பு விளையும் ஊர் என்றாலே மழை குறைந்த ஊர் என்றுதான் பொருள். தூத்துக்குடி மாவட்டத்தின் ஆண்டு சராசரி மழை 66 செ.மீ. அளவில்தான். ஆக, ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு மழை ஒரு பகலிலும் ஓர் இரவிலும் இறங்கியது. தமிழ்நாட்டின் ஆண்டு சராசரியே சுமார் 92 செ.மீ. என்பதையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். 95 செ.மீ. என்றால் ஓர் ஏக்கரில் 38 லட்சம் லிட்டர். சென்னையில் கோடைக்கு ஓடும் 12,000 லிட்டர் தண்ணீர் லாரியில் கணக்கிட்டால், ஒவ்வொரு ஏக்கருக்கும் 320 லாரி.

இதைச் செய்தது புயல் இல்லை. காற்றழுத்தத் தாழ்வு மண்டலம்கூட இல்லை. குமரிக் கடலின் மேல் நின்ற வளிமண்டல மேலடுக்குச் சுழற்சி, அவ்வளவுதான். வானிலை அறிக்கைகளில் மழைக்காலம் முழுக்க அடிபடும் சொல் அது. கேட்டவுடன் குடையை எடுத்து வைப்போம், படகை எடுத்து வைக்க மாட்டோம். அந்தச் சுழற்சி நகராமல் ஓரிடத்தில் நின்று, சூடேறியிருந்த கடலிலிருந்து கொண்டல் காற்றை ஓயாமல் இழுத்தது. வந்த மேகமெல்லாம் ஒரே தடத்தில் வரிசை கட்டிக் கடற்கரையிலிருந்து பொதிகை வரை கொட்டின. காற்று ஒரு டிகிரி சூடேறினால் சுமார் 7 சதவீதம் கூடுதலாக நீராவியைத் தாங்கும் என்பது பழைய இயற்பியல். 2023 உலகில் அதுவரை பதிவானவற்றில் மிகச் சூடான ஆண்டு. இந்தச் சூட்டை மட்டும் காரணம் காட்டி 95-ஐ விளக்கிவிட முடியாது. ஆனால் அதை விட்டுவிட்டும் விளக்க முடியாது.

மிக்ஜாமுக்குப் பெயர் இருந்தது. மியான்மர் கொடுத்த பெயர். அது எங்கே இருக்கிறது, எத்தனை கிலோமீட்டர் தள்ளி நிற்கிறது என்று மணிக்கு மணி சொல்லப்பட்டது. துறைமுகங்களில் எச்சரிக்கைக் கூண்டு ஏறியது. பள்ளிகளுக்கு முன்கூட்டியே விடுமுறை. அது சென்னைக்குச் சற்றுத் தள்ளிக் கடலிலேயே தயங்கி நின்று பெய்துவிட்டு, 5-ஆம் தேதி ஆந்திரத்தின் பாபட்லா அருகே கரை ஏறியது. விமான நிலையத்தையே ஒரு நாள் மூட வேண்டியிருந்தது. வேளச்சேரியும் முடிச்சூரும் பள்ளிக்கரணைச் சதுப்பின் ஓரங்களும் 2015 வெள்ளத்தை மறுபடி பார்த்தன. மணலிப் பக்கத்து ஆலைப் பகுதியிலிருந்து வெள்ளத்தோடு கலந்துவந்த எண்ணெய், பக்கிங்காம் கால்வாய் வழியே கொசஸ்தலையாற்றில் இறங்கி எண்ணூர்க் கழிமுகத்தைக் கறுப்பாக்கியது. வெள்ளம் வடிந்த பின்னும் வடியாத வெள்ளம் அது. வலையையும் படகையும் எதைக் கொண்டு கழுவுவது என்ற கேள்வியோடு மீனவர்கள் கரையில் நின்றார்கள். சென்னையைப் பற்றி இதற்கு மேல் இங்கே எழுதப் போவதில்லை. அதைப் பற்றி எழுத ஆட்கள் இருக்கிறார்கள். ஒவ்வொரு மழைக்கும் ஒரு புத்தகம் போடும் அளவுக்கு இருக்கிறார்கள்.

தெற்கே பெய்த மழைக்குப் பெயரே கிடையாது. "டிசம்பர் மழை" என்றும் "அந்த வெள்ளம்" என்றும்தான் இப்போதும் சொல்கிறார்கள். பெயர் வைப்பதில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். ஒரு சுழற்சி புயலாக முதிர்ந்தால்தான் அதைச் சுற்றி அரசின் எந்திரம் முழுதாக இயங்கத் தொடங்குகிறது. காற்றின் வேகத்தை வைத்துத்தான் பெயர். மழையின் அளவுக்கு அதில் இடமில்லை. நம்மை மூழ்கடிப்பதோ பெரும்பாலும் தண்ணீர்தான்.

இதே சிக்கல் எச்சரிக்கைச் சொற்களிலும் உண்டு. 24 மணி நேரத்தில் 7 முதல் 11 செ.மீ. வரை பெய்தால் கனமழை. 12 முதல் 20 வரை மிக கனமழை. அதற்கு மேல் போனால் அதி கனமழை. சிவப்பு எச்சரிக்கை அதற்குத்தான். அங்கேயே அகராதி முடிந்துவிடுகிறது. 21 செ.மீ.யும் அதி கனமழை, 95 செ.மீ.யும் அதி கனமழை. வெள்ளம் வடியுமுன்னே நடந்த சண்டை நினைவிருக்கலாம். 12-ஆம் தேதியே எச்சரித்தோம் என்றது ஒன்றிய அரசு. சொன்ன அளவு வேறு, கொட்டிய அளவு வேறு என்றது மாநில அரசு. இரண்டு தரப்பும் ஒரே சொல்லின் இரண்டு முனைகளைப் பிடித்து இழுத்தன என்றுதான் எனக்குப் படுகிறது. சிவப்பு என்று சொன்ன பிறகு அதற்கு மேல் சொல்ல நிறமில்லை. கேட்டவருக்கோ, சிவப்பு என்பது போன மாதமும் பார்த்த நிறம். போதாததற்கு, தூத்துக்குடி பக்கம் மழையை நேராகப் பார்க்கும் ராடாரும் அப்போது இல்லை. காரைக்கால் தொலைவு. திருவனந்தபுரம் கிட்டத்தில்தான், ஆனால் நடுவே மலை நிற்கிறது.

நிறம் சொல்லாததை ஒரு ரயில் நிலையம் சொன்னது. 17-ஆம் தேதி இரவு திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட செந்தூர் விரைவு ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் நிறுத்தப்பட்டது. சுமார் 800 பயணிகள். அதற்கு அப்பால் செய்துங்கநல்லூர் வரையிலான பாதையில் வெள்ளம் ஜல்லியை அரித்துக்கொண்டு போக, தண்டவாளம் அந்தரத்தில் தொங்கியது. ரயில் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எழுதத் தேவையில்லை. பாதையில் தண்ணீர் ஏறுகிறது என்று கிடைத்த தகவலை வைத்து நிலையத்தில் இருந்த அதிகாரி எடுத்த முடிவு அது. ஒரு பகுதியினரை மட்டும் பக்கத்துப் பள்ளிக்குக் கொண்டுபோக முடிந்தது. அதற்குள் சாலையும் போனது. மீதி 500 பேர் நிலையத்திலும் பெட்டிகளிலுமாக இருந்தார்கள். புதுக்குடி ஊர்க்காரர்கள், தாங்களே தண்ணீருக்குள் நின்றுகொண்டு, கோயிலில் வைத்துச் சமைத்துப் போட்டார்கள். 19-ஆம் தேதிதான் அவர்களை வெளியே கொண்டுவந்து, வாஞ்சி மணியாச்சியிலிருந்து தனி ரயிலில் ஏற்றினார்கள்.

"கார்த்திகைக்குப் பின் மழையும் இல்லை, கர்ணனுக்குப் பின் கொடையும் இல்லை." எங்கள் பக்கத்து ஆச்சிமார் திருக்கார்த்திகை விளக்கை எடுத்து வைக்கும்போதே இதைச் சொல்லிவிடுவார்கள். வெள்ளத்துக்குப் பிறகு இந்தப் பழமொழியைக் கேலி செய்து பலர் எழுதினார்கள். கார்த்திகை முடிந்த மறுநாளே 95 செ.மீ. பெய்தால் கேலி வரத்தான் செய்யும்.

கேலியைத் தள்ளிவைத்துக் கணக்கைப் பார்ப்போம். வடகிழக்குப் பருவத்தில் தமிழ்நாட்டுக்குச் சராசரியாகக் கிடைக்கும் 44 செ.மீ. மழையில் அக்டோபருக்கு 17, நவம்பருக்கு 18, டிசம்பருக்கு 9 என்று தோராயமாகப் பிரிக்கலாம். ஆக, பழமொழி பொய் சொல்லவில்லை. டிசம்பர் மெலிந்த மாதம்தான். அதில் பாதி கார்த்திகைக்கே போய்விடும். ஆனால் விதிவிலக்குகளின் வரிசை சின்னதல்ல. தனுஷ்கோடியைக் கடல் கொண்டது 1964 டிசம்பர் 22-23 இரவில். தானே புயல் கடலூரையும் புதுச்சேரியையும் அடித்தது 2011 டிசம்பர் 30-ல். 2021 ஜனவரியில், பொங்கல் நேரத்தில், தாமிரபரணி கரை புரண்டது. அதே ஆண்டு டிசம்பர் 30-ல் சென்னையில் யாரும் சொல்லாத மழை 20 செ.மீ. அளவுக்குப் பெய்து, அலுவலகம் போனவர்களை நள்ளிரவு வரை சாலையில் நிறுத்தியது. டிசம்பரில் மழைப்பட்டை நிலநடுக்கோட்டை நோக்கித் தெற்கே சரிகிறது. சென்னைக்கு அது விடைபெறும் காலம். நெல்லைக்கும் குமரிக்கும் அப்போதுதான் அது தலைக்கு மேல். ஆகவே பழமொழியின் அதிகாரம் தெற்கே வர வர மங்குகிறது.

அந்த வாக்கை முன்னறிவிப்பாகப் படிப்பதே பிழை என்பது என் எண்ணம். அது வரவு செலவுக் கணக்கு. கார்த்திகைக்குப் பிறகு வரும் மழையை நம்பி விதைக்காதே, குளத்தில் இருப்பதை வைத்துக் கதிரைக் கரை சேர் என்று குடியானவனுக்குச் சொல்லப்பட்டது. கர்ணனுக்குப் பின் கொடுப்பவனே பிறக்கவில்லையா என்று யாரும் கேட்பதில்லை. நம்பி இராதே என்பதுதான் அங்கேயும் பொருள். மழை வராமல் போவதை அஞ்சியவர்களின் பேச்சு இது. மழை அதிகம் வருவதை அஞ்சும் பழமொழியைத் தென்மாவட்டத்தில் தேடிப் பார்க்கிறேன். சட்டென்று அகப்படவில்லை.

பேச்சு மட்டுமா, நிலமே அப்படித்தான் கட்டப்பட்டிருக்கிறது. தாமிரபரணி சுமார் 125 கிலோமீட்டர் நீளமே உள்ள ஆறு. பொதிகையில் பிறந்து புன்னக்காயலில் கடலில் சேர்வதற்குள் அதை எட்டு அணைக்கட்டுகள் மறித்து வாங்குகின்றன. கடைசி அணைக்கட்டு ஸ்ரீவைகுண்டம். அங்கிருந்து வடகால், தென்கால், அவற்றின் வழியே குளத்துக்குக் குளம். ஒரு குளம் நிறைந்து மறுகால் பாய்ந்தால் அடுத்த குளத்துக்கு. சொட்டையும் கடலுக்கு விடாமல் பிடிக்க வேண்டும் என்ற ஆசை இந்த அமைப்பின் ஒவ்வொரு மடையிலும் தெரியும். பிசான நெல்லுக்கு நடவு முடிந்திருக்கும் டிசம்பரில், இருக்கும் தண்ணீரை முன்கூட்டியே திறந்துவிடு என்று சொல்ல எந்த அதிகாரிக்கும் வாய் வராது. மழை பொய்த்துவிட்டால் விவசாயிக்கு அவர்தான் பதில் சொல்ல வேண்டும். இந்த முறை குளங்கள் மறுகாலுக்குக் காத்திருக்கவில்லை. உடைப்பெடுத்தன. ஆற்று வெள்ளமும் குளத்து வெள்ளமும் வானத்து வெள்ளமும் ஏரல் பக்கத்தில் ஒன்று சேர்ந்தன. அந்த ஊர் சில நாள் தீவாகவே கிடந்தது.

1992 நவம்பரையும் இங்கே நினைக்க வேண்டும். மணிமுத்தாறு மலையின் காக்காச்சியில் அப்போது ஒரு நாளில் பதிவானது 96.5 செ.மீ. அந்த வெள்ளமும் தாமிரபரணிக் கரை ஊர்களை வாரிக்கொண்டு போனது. ஆக, ஒரு நாளில் ஒரு மீட்டரை நெருங்கும் மழை இந்த ஆற்றுப்படுகைக்குப் புதிதில்லை. முன்பு அது மலையில் விழுந்து ஆற்றின் வழியாக வந்தது. இப்போது மலையும் ஆறும் இல்லாமல் நேராகத் தெருவில் விழுந்தது. முப்பத்தோரு ஆண்டு இடைவெளியில் இரண்டு முறை நடந்ததை "வரலாறு காணாத" என்று எழுதுவதற்கு முன் கொஞ்சம் யோசித்திருக்கலாம்.

இனி டெல்டா. அங்கே 2023-ல் தலைகீழ்க் கதை. 2023 ஆகஸ்டு, நாட்டளவில் 1901-க்குப் பிறகு மிக வறண்ட ஆகஸ்டு. கர்நாடக அணைகள் நிறையவில்லை. ஜூன் 12-ல் திறந்த மேட்டூர் அணையை அக்டோபர் 10-ல் மூடிவிட்டார்கள். வழக்கமாக ஜனவரி 28 வரை ஓட வேண்டிய தண்ணீர். குறுவை கருகியது. சம்பாவை மழையையும் ஆழ்துளைக் கிணற்றையும் நம்பி விட்டார்கள். அக்டோபர் மழையும் பாதிக்குச் சற்று மேல்தான் பெய்தது. அப்படித் தப்பிப் பிழைத்துக் கதிர் முற்றி நின்றபோது, ஜனவரி 7-8-ல் சீர்காழி, சிதம்பரம், நாகப்பட்டினம் வட்டாரத்தில் கனமழை. மூன்று மாதம் வராத தண்ணீர், வேண்டாத வாரத்தில் வந்தது. சாய்ந்த கதிரை அறுக்க இயந்திரம் வயலில் இறங்காது. அறுத்த நெல்லும் ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் போனால் கொள்முதல் நிலையத்தில் எடுக்க மாட்டார்கள். சாலையில் கொட்டிக் காய வைக்க வேண்டும், வெயிலுக்குக் காத்திருக்க வேண்டும். ஒரே மாநிலத்தில், ஒரே பருவத்தில், ஓர் ஆறு வறண்டும் இன்னோர் ஆறு ஊரை அழித்தும் கிடந்தன.

நீலகிரியில் முதலில் நீர்ப்பனி விழும், பிறகு உறைபனி. தேயிலைக்காரர்களும் காய்கறி போடுபவர்களும் அந்த வரிசையை வைத்துத்தான் கவாத்தையும் நடவையும் திட்டமிடுகிறார்கள். வரிசை பிசகியதில் கொழுந்து கருகியது. மா மரத்துக்கும் இதே சங்கடம். மார்கழி, தையில் காய்ந்த குளிர் கிடைத்தால்தான் பூ சீராக வரும். அது கிடைக்கவில்லை.

இத்தனைக்கும் பிறகு, பருவ முடிவில் போடப்பட்ட கணக்கு என்ன சொல்கிறது? வடகிழக்குப் பருவமழை 2023: இயல்பு. சராசரி 44 செ.மீ.யைச் சற்றே தாண்டியது. 19 சதவீதம் வரை கூடினாலும் குறைந்தாலும் அந்தச் சொல்தான். பொய் இல்லை. அக்டோபரின் பற்றாக்குறையை டிசம்பர் இரண்டு தவணையில் அடைத்துவிட்டது. கடன்காரர் கணக்கில் தொகை சரியாக இருக்கிறது. எல் நினோ ஆண்டில் வடகிழக்குப் பருவம் நன்றாகவே இருக்கும் என்று முன்னதாகச் சொன்னவர்களும் சரியாகத்தான் சொன்னார்கள். மொத்தத்தைச் சொன்னார்கள், மொத்தம் பலித்தது.

உப்பளத்தில் அந்தச் சரி செல்லாது. அம்பாரமாகக் குவித்துத் தென்னோலை மூடி வைத்த உப்பு வெள்ளத்தில் கரைந்தது. பாத்திகளில் சேறு படிந்தது. தை, மாசியில் பாத்தி மிதித்துத் தயார் செய்து, பங்குனியில் வார வேண்டியது தள்ளிப் போனது. பிசான வயலில் மணல் மேடிட்டது. பொங்கலுக்குத் தார் வெட்டியிருக்க வேண்டிய ஏத்தன் வாழை, ஸ்ரீவைகுண்டத்திலிருந்து ஏரல் வரை அழுகிக் கிடந்தது. கடுமையாகப் பாதித்த வட்டங்களில் குடும்பத்துக்கு 6,000 ரூபாய் கொடுத்தார்கள். மாநிலம் இரண்டு பேரிடருக்கும் சேர்த்து ஒன்றிய அரசிடம் கேட்டது சுமார் 37,900 கோடி. உச்ச நீதிமன்றம் வரை போன பிறகு, தமிழ்நாட்டில் மக்களவைத் தேர்தல் வாக்குப்பதிவு முடிந்த அடுத்த வாரத்தில் வந்த அறிவிப்பு 276 கோடி. எண்களின் இந்த இடைவெளியை விளக்க வானிலை அறிவியல் உதவாது.

2024 ஏப்ரல் 15 அன்று இந்திய வானிலை ஆய்வுத் துறை தென்மேற்குப் பருவத்துக்கான முன்கணிப்பை வெளியிட்டது. நீண்ட கால சராசரியில் 106 சதவீதம். எல் நினோ விலகுகிறது, பருவத்தின் பிற்பாதியில் லா நினா வரலாம் என்றது. லா நினா ஆண்டில் வடகிழக்குப் பருவம் மெலியும் என்பது பாடநூல். 2021-ம் லா நினா ஆண்டுதான், அந்த ஆண்டு வடகிழக்குப் பருவம் சராசரியை வெகுதூரம் தாண்டியது. மேட்டூர் ஜூன் 12-ல் திறக்குமா என்ற கேள்விக்கு அப்போதே உதட்டைப் பிதுக்கினார்கள். கார் நெல் சாகுபடிக்குப் பாபநாசம் அணையில் தண்ணீர் இருக்குமா என்று நெல்லையில் கேட்கத் தொடங்கிவிட்டார்கள். அதாவது, எப்போதும் கேட்கும் கேள்விக்குத் திரும்பிவிட்டோம்.

நாள்காட்டியைப் புரட்டிப் பார்த்தேன். அந்த ஆண்டு கார்த்திகை டிசம்பர் 15-ல் முடிவதாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை.